பதினெட்டாம் பெருக்கில் வாங்கிய மதர்போர்டு

ஜூன் 9

தமயந்திக்குப் படம் கிடைத்திருக்கிறது. எங்களுக்குத் திருமணமான காலத்திலிருந்து அவள் இசையமைப்பாளர் பென்னட் மாஸ்டரிடம் பின்னணி இசை கோத்துக் கொடுத்து வருகிறாள். திரையில் 'இசை: பென்னட்' என்று வரும்; அவள் பஸ் பிடித்துச் சாலிகிராமம் வீட்டுக்கு வந்து சேர்வாள். இந்தப் படத்தில் அவள் பெயரே வரப்போகிறது.

போர்வெல் லாரியில் வேலை செய்யும் ஒருவனைப் பற்றிய கதை. கடைசி இருபத்திரண்டு நிமிடம் யாரும் வாயைத் திறப்பதில்லை. இசைதான் பேச வேண்டும். அந்தப் பகுதியை ஆகஸ்ட் கடைசிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஒலிக்கலவைக்குத் தியேட்டர் பிடித்தாகிவிட்டது. அந்தத் தேதி நகராது என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

இடைஞ்சல், எல்லா வாத்தியங்களையும் ஒலிக்கவைக்கும் அவளுடைய பழைய கம்ப்யூட்டர்தான்.

"நாலு வயலின் போட்டா நாதஸ்வரம் விட்டுவிட்டு விக்குதுங்க. வயலின நிறுத்தினா தவில் விக்குது. ஒண்ணொண்ணா கேட்டு, மனசுக்குள்ளதான் சேத்துப் பாக்க வேண்டியிருக்கு."

புதிது வாங்கத் தயாரிப்பாளர் முன்பணத்திலேயே சேர்த்துக் கொடுத்திருக்கிறார். கடையில் தயாராக இருப்பதை வாங்கிவிடலாம் என்றாள். நான் ஒப்பவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுத்துச் சேர்த்தால்தான் இசை வேலைக்கு ஏற்றதாக இருக்கும். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேடிப் படித்து முடிவுக்கு வருவது என் தொழில்.

"நீ மியூசிக்கப் பாரு. பெட்டிய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சரி என்றாள்.

ஜூன் 13

பிராசசரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலகில் இரண்டு கம்பெனிகள்தான் முக்கியம். அவற்றின் அடியார்கள் இணையத்தில் நடத்தும் வாதம், தென்கலைக்காரர்களும் வடகலைக்காரர்களும் கோயில் யானையின் நெற்றிக்காக நடத்திய வழக்கை நினைவூட்டுகிறது. இரு தரப்பையும் முழுமையாகப் படித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரு தரப்பைப் படித்து முடித்துவிட்டேன்.

ஜூன் 18

கம்ப்யூட்டருக்குள் சுற்றும் மின்விசிறிகள்.

ஜூன் 22

இசைக்கான கம்ப்யூட்டரின் முதல் தகுதி அமைதி என்கிறார் ஒரு ஜெர்மானியர். பெட்டியின் சுவரில் ஒலியை உறிஞ்சும் பஞ்சு ஒட்டியிருக்க வேண்டுமாம். அவர் தம் பெட்டிக்குள் மைக்கை வைத்துப் பதிவு செய்து போட்டிருக்கிறார். பதினைந்து நிமிடம் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. நம்பிக்கை தருகிறது.

இரவுச் சாப்பாட்டின்போது தமயந்தி கேட்டாள்.

"ஏதாவது முடிவாச்சா?"

"கேபினெட் ஏறக்குறைய முடிவாயிடுச்சு."

"அதுக்குள்ள போடறது?"

"அது அடுத்தது."

"வெறும் டப்பா முடிவாகியிருக்கு."

"டப்பா இல்லம்மா. காத்தோட்டம்."

ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அவளுக்குப் பொறியியல் பழக்கமில்லை.

ஜூன் 29

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் வந்தோம். தமயந்திதான் இழுத்துக்கொண்டு போனாள். மாடியில் ஒரு சின்னக் கடை. உரிமையாளரை எல்லோரும் பாய் என்கிறார்கள். அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"மேடம், பாட்டு போடறதுக்குத்தானே? கேம் ஆடறதுக்கு இல்லையே?"

"இல்லைங்க பாய். எல்லா வாத்தியமும் ஒரே நேரத்துல ஓடணும். விக்கக் கூடாது. அவ்ளோதான்."

"மெமரி நெறைய போட்டு, நல்ல பிராசசரா வச்சு, சாயங்காலத்துக்குள்ள மாட்டித் தரேன். டீ சாப்பிடுங்க."

அவர் சொன்ன மதர்போர்டு எதுவென்று கேட்டேன். சொன்னார். அதன் மின்சுற்று எத்தனை அடுக்கு என்று கேட்டேன். அதில் சூடு எந்தப் பக்கம் வெளியேறும் என்றும், மெமரியின் வேகத்துக்கும் தாமதத்துக்கும் உள்ள விகிதத்தை அவர் எப்படிப் பார்க்கிறார் என்றும் கேட்டேன்.

"சார் என்ன வேலை பாத்தீங்க?" என்றார்.

"லைப்ரேரியன்."

"அதானே பாத்தேன்" என்றவர் வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெறுங்கையோடு திரும்பினோம். ஆட்டோவில் தமயந்தி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெயில் அதிகம்.

ஜூலை 6

தமயந்தி மூன்று நாள் காங்கேயம் பக்கம் போய் போர்வெல் லாரி ஓடும் சத்தத்தைப் பதிந்து வந்திருக்கிறாள். அதையே அடிநாதமாக வைத்து மேலே நாதஸ்வரம் வரப்போகிறதாம். ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். பாறையை இரும்பு குடையும் சத்தம். அதற்குள் ஒரு சுருதி இருக்கிறது என்றாள். எனக்கு இரைச்சலாகத்தான் பட்டது. ஆனால் அவள் முகத்தை இப்படிப் பார்த்து நெடுநாளாகிறது.

"இந்த மாசமே மிஷின் வந்துட்டா நல்லாருக்கும்."

"வந்துடும்."

அவள் இல்லாத மூன்று நாட்களில் பவர் சப்ளை பற்றி முழுமையாகப் படித்துவிட்டேன்.

ஜூலை 15

எல்லாம் முடிவாகிவிட்டது. நாளை வாங்கிவிடலாம்.

ஜூலை 16

காலையில் கிளம்பும்போது, நான் தேர்ந்தெடுத்த மெமரி அந்த மதர்போர்டோடு சில நேரம் ஒத்துப்போவதில்லை என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படிக்க நேர்ந்தது. ஒருவர்தான். ஆனாலும் ஒருவர். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. இதை நான் கணக்கில் கொள்ளவில்லை. எனக்கு இவற்றில் நம்பிக்கை கிடையாது. அந்தக் காலத்திலேயே தாலி கட்டாமல் மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டவன். ஆனால் தயாரிப்பாளர் சென்னியப்பனுக்கு உண்டு. எண்ணெய் மில் வைத்திருப்பவர். ஏதோ வேலையாகச் சென்னை வந்தவர் வீட்டுக்கு வந்தார். தமயந்தி காபி கொடுத்தாள்.

"மிஷின் வந்துதுங்களா அம்மணி?"

"இந்த வாரம் வாங்கிடலாம்னு இருக்கோம்."

காபியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"ஆடியிலயா? வேண்டாமுங்க. மொத படம் உங்களுக்கு. எனக்கும் மொத படம். போன மாசமே வாங்கிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்?"

தமயந்தி என்னைப் பார்த்தாள். பிரச்சினையை அறிவுபூர்வமாக அணுக வேண்டும் என்று நான் தொடங்கினேன். அவர் கையைத் தூக்கினார்.

"அறிவெல்லாம் சரிதானுங்க. செக்கு மாத்துனது ஆடியில. தறி போட்டது ஆடியில. ரெண்டும் எங்கப்பாருக்கு வெளங்கல. எனக்குப் பயமுங்க. ஒண்ணு பண்ணுங்க. பதினெட்டாம் பெருக்கு நல்ல நாளு, அன்னிக்கு வாங்கிருங்க. ஆனா பொட்டியப் பிரிக்கக் கூடாது. ஆவணி ஒண்ணாந்தேதி நானே வந்து சூடம் காட்டி, பூசணிக்கா ஒடைச்சு, அம்மணி கையால பிரிக்கட்டும். சரிங்களா?"

"அதுக்கப்புறம் ரெண்டு வாரம்தாங்க இருக்கும்" என்றாள் தமயந்தி.

"மிஷின் நல்லா இருந்தா ரெண்டு வாரம் போதாதுங்களா?"

"போதும்" என்றேன்.

அவர் போன பிறகு கணக்குப் போட்டேன். பதினெட்டாம் பெருக்குவரை இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. மெமரியைப் பற்றித் தெளிவாகப் படிக்கலாம். ஆடித் தள்ளுபடியும் கிடைக்கும். ஒரு வகையில் பகுத்தறிவும் சாத்திரமும் ஒத்துப்போகின்றன.

ஜூலை 25

தமயந்தி பழைய கம்ப்யூட்டரிலேயே தொடங்கிவிட்டாள். அது சூடாகி நின்றுவிடுவதால் எங்கள் படுக்கையறை டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். மின்விசிறிகளைப் பற்றி இவ்வளவு படித்தும் நான் வியர்வையில் தூங்குகிறேன்.

ஆறு நிமிடம் முடித்தாளாம். இன்று மதியம் அது மொத்தமாக நின்று, இரண்டு நிமிடத்தை விழுங்கிவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. பால்கனிக்குப் போய்த் துணிகளை மடித்தாள். துணி இன்னும் காயவில்லை.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. வாங்கியாகிவிட்டது.

நான் மட்டும் போனேன், தமயந்திக்கு வேலை. பாய் ஒவ்வொரு பெட்டியாக மேசைமேல் அடுக்கினார். மதர்போர்டுப் பெட்டியின் சீலைக் கிழிக்கப் பிளேடை எடுத்தார்.

"பிரிக்காதீங்க பாய்."

"பின் பாக்கணும் சார். பிராசசர் உக்கார்ற எடத்துல முடி மாதிரி ஆயிரக்கணக்கா பின் இருக்கும். ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் போர்டு ஓடாது. இங்கயே பிரிச்சுக் காட்டிட்டுத்தான் குடுப்போம். தெருவுல எல்லாக் கடையிலயும் அதான் வழக்கம்."

"எங்களுக்கு ஆவணியிலதான் பிரிக்கணும்."

பாய் பிளேடைக் கீழே வைத்தார்.

"நீங்களா சார்? அன்னிக்கு அத்தினி கேள்வி கேட்டீங்களே."

"தயாரிப்பாளரோட நம்பிக்கை."

"அவர் நம்பிக்கைய நான் ஒண்ணும் சொல்லல. ஒரு நிமிஷம் மூடியத் தொறந்து பாத்துட்டு மூடிர்றேன். அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. நம்பாதவன்தான் வாக்கை ஒழுங்காகக் காப்பாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நமக்கும் மற்றவர்களுக்கும் என்ன வேறுபாடு? இதை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏழு நாளைக்குள்ள கொண்டுவந்தா மாத்தித் தருவேன். அதுக்கு மேல கம்பெனிதான். பிரிக்காம எடுத்துட்டுப் போறீங்கன்னு பில்லுல எழுதறேன், கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

ஆகஸ்ட் 9

பெட்டிகள் அலமாரியின் மேல் இருக்கின்றன. தமயந்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூசு தட்டுகிறாள். இன்று மதர்போர்டுப் பெட்டியைக் கையில் எடுத்துக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.

"பிரிச்சிடலாமாங்க? யாருக்குத் தெரியப் போகுது?"

"சென்னியப்பன்கிட்ட சொல்லியாச்சு."

"எனக்காகச் சொல்லுங்களேன்."

ஒரு வாரம்தான் இருக்கிறது என்று சொன்னேன். திரும்ப மேலே வைத்தாள். மாற்றித் தரும் கெடு நாளையோடு முடிகிறது. நாம் மாற்றப் போவதில்லை. இவ்வளவு படித்து வாங்கியது.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. சென்னியப்பன் பட்டு வேட்டியில் வந்தார். பூசணிக்காய், எலுமிச்சை, தேங்காய், பெரிய மாலை. மாலை பெட்டிக்கு என்று தெரியாமல் நான் குனிந்துவிட்டேன்.

தமயந்தி ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தாள். பாகங்களைப் பூட்டியது நான். அதற்கான காணொளிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்னியப்பன் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். பிராசசருக்கும் வைக்க வந்தபோது நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். இந்த இரண்டு மாதத்தில் நான் எடுத்த ஒரே உடனடி முடிவு அது.

சூடம் காட்டினார்.

"அமுக்குங்க அம்மணி."

தமயந்தி பொத்தானை அமுக்கினாள். மூன்று விசிறிகளும் சுற்றின. ஜெர்மானியர் சொன்னது உண்மை, சத்தமே இல்லை. திரையில் எதுவும் வரவில்லை.

மீண்டும் அமுக்கினாள். கேபிள்களைக் கழற்றி மாட்டினேன். மெமரியை இடம் மாற்றினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. சென்னியப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஓடுற சத்தமே இல்லீங்களே."

"அது அமைதியான மாடல்" என்றேன்.

பிராசசரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள் தமயந்தி. ஒரு மூலையில் நாலைந்து பின்கள், காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி ஒரே பக்கமாக வளைந்திருந்தன.

சென்னியப்பன் சூடத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "ஆடியில வாங்கினதுதானுங்க" என்றார்.

ஆகஸ்ட் 18

பாய் பில்லை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். கடிந்து பேசவில்லை. கம்பெனிக்கு அனுப்பினால் ஒரு மாதம் ஆகும் என்றார். அதே போர்டு புதிதாக வாங்கலாம் என்றால் சென்னையில் எங்கும் இருப்பு இல்லை.

"வேற மாடல் ஒண்ணு இருக்கு சார். உங்க பிராசசர் அப்படியே உக்காரும். மேடத்துக்கு வேலை ஆகணும், அவ்ளோதானே? இப்பவே பிரிச்சு, பின் காட்டி, மாட்டித் தரேன். சாயங்காலம் பாட்டு ஓடும்."

அதன் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19

படித்தேன். சுமாரான போர்டு. அதிக நேரம் ஓடினால் சூடு ஏறி வேகம் குறைகிறது என்று ஜெர்மானியர் எழுதியிருக்கிறார். குறையும் அளவு நூற்றுக்கு மூன்று.

ஆகஸ்ட் 20

அவளுடைய முதல் படத்துக்கு அப்படி ஒன்றை வைக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பெங்களூரில் இதைவிடச் சிறந்த ஒன்று வரப்போவதாகத் தெரிகிறது. வேண்டாமென்று பாய்க்கு போன் செய்தேன். "மேடத்துகிட்ட கேட்டீங்களா சார்?" என்றார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கேட்கவில்லை. அவள் பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 23

பழையது காலையில் அடியோடு நின்றது. இனி எழாது.

தமயந்தி முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, பென்னட் மாஸ்டரைப் பார்க்கப் போனாள். மதியம் திரும்பி வந்தாள்.

"அவர் ஸ்டுடியோல ரூம் தரேன்னாரு. மிஷின், ஆள், எல்லாம். இன்னிக்கே ஆரம்பிக்கலாம்."

"நல்ல மனுஷன்."

"ஆனா படத்துல டைட்டில் கார்டு அவர் பேர்ல."

நான் எதுவும் சொல்வதற்குள் சென்னியப்பனின் போன் வந்தது. அவருக்கு விஷயம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி. தேதி போனா என்ற மில்லு போயிரும். மாஸ்டர் பேரு இருந்தா டிவிக்காரனும் வாங்குறான். உங்க பேரு வராம போகாதுங்க. நன்றின்னு போடுறப்ப வரும்."

"சரிங்க."

"சின்ன எழுத்துல வந்தாலும் எழுத்து எழுத்துதானுங்களே."

"ஆமாங்க."

போனை வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டாள். பெங்களூர் போர்டு வியாழக்கிழமை வந்துவிடலாம் என்று சொன்னேன்.

"வரட்டும்" என்றாள்.

ஆகஸ்ட் 28

வியாழக்கிழமை வரவில்லை. தமயந்தி ஸ்டுடியோவிலேயே தங்கிவிடுகிறாள். நான் சமைக்கிறேன். உப்பு எவ்வளவு என்று போன் செய்து கேட்டேன். "நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். இரண்டு முறை சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 31

இசையை முடித்துக் கொடுத்துவிட்டாள். பகல் முழுக்கத் தூங்கினாள்.

செப்டம்பர் 19

பெங்களூர் போர்டு வந்தது. பிரித்து, பின் பார்த்து, மாட்டினேன். முதல் முறையிலேயே திரை ஒளிர்ந்தது. தமயந்தியைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பெட்டியருகே குனிந்து கேட்டாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

"நல்லா இருக்குங்க" என்றாள். நூறு வாத்தியம் ஒரே நேரத்தில் போட்டாலும் விக்காது, போட்டுப் பார் என்றேன். மாஸ்டருக்கு ஒரு சீரியல் வேலை இருக்கிறது, நேரமாகிறது என்று கிளம்பினாள்.

அக்டோபர் 11

வடபழனியில் ஒரு தியேட்டரில் படத்தின் சிறப்புக் காட்சி. பென்னட் மாஸ்டர் முதல் வரிசையில் இருந்தார். நாங்கள் பின்னால்.

அந்த இருபத்திரண்டு நிமிடத்தை நான் இதுவரை முழுமையாகக் கேட்டதில்லை. முதலில் பாறையைக் குடையும் சத்தம். எனக்கு இரைச்சலாகப் பட்ட அதே சத்தம்தான். மெல்ல மெல்ல அதற்குள்ளிருந்து நாதஸ்வரம் எழுந்து வந்தது, யாரோ உள்ளேயிருந்து ஊதுவதுபோல. எப்போது அது இரும்பாக இருந்தது, எப்போது வாத்தியமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமயந்தி மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு விரல் மட்டும் தாளம் போட்டது.

'இசை: பென்னட்' என்று வந்தபோது கைதட்டினார்கள். நன்றி வரிசையில் கேட்டரிங் சுப்பையாவுக்கு அடுத்து அவள் பெயர் வந்தது. அதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

வெளியே நான் காபி வாங்கி வந்தபோது தமயந்தியிடம் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். முதல் படத்தை இயக்கி முடித்து, இரண்டாவதற்குத் தயாராகிறவளாம். பெயர் யாழினி என்றாள்.

"மேடம், நீங்க மாஸ்டர்கிட்ட ரொம்ப வருஷமா இருக்கீங்களாமே. ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைசி ரீல் யார் பண்ணது? மாஸ்டர் இப்படிப் பண்ணி நான் கேட்டதே இல்ல. அவர்கிட்ட வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க, எனக்கு அந்த ஆள்தான் வேணும்."

பென்னட் மாஸ்டர் பத்தடி தள்ளி நின்று சென்னியப்பனோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

தமயந்தி என்னைப் பார்த்தாள். ஸ்டுடியோவில் அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நானும் படித்திருக்கிறேன். இசையமைத்தது தான் என்று வெளியே சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டது அவள்தான். நான் எதிலும் போடவில்லை. என்னைத் தடுக்க ஒரு வரியும் அதில் இல்லை. இதைச் சொல்லலாமா, சொன்னால் மாஸ்டர் என்ன செய்வார், அந்தப் பெண் நம்புவாளா, எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். இரண்டு கையிலும் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்தாம்மா பண்ணாரு" என்றாள் தமயந்தி.

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு மாஸ்டரை நோக்கிப் போனாள்.

நான் காபியை நீட்டினேன். ஆறியிருக்கும் என்று சொன்னேன். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 12

தமயந்தி எட்டு மணிக்கே ஸ்டுடியோ போய்விட்டாள். இந்த நாட்குறிப்பைக் காலையிலிருந்து புதுக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் விக்குவதில்லை.